லூயி மாட்டிக்கொண்டானா, தப்பித்தானா? – 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' (1949)

கடைசிவரிசை:

படத்தின் கடைசி அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்த இழையே. ஆகவே பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். 106 நிமிடப் படம். பார்த்துவிட்டு வந்தாலும் நாங்கள் இங்கேதான் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

எனக்கும் என் மைத்துனருக்கும் முப்பது வருடமாக நடக்கிற வழக்கு இது. லூயி மசினி கடைசியில் மாட்டிக்கொள்கிறானா, இல்லையா? நான் வீடியோ கேசட்டில் பார்த்தவன். அவர் எண்பதுகளில் ஒரு திரைப்படக் கழகத்தில், தகர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். "மாட்டிக்கொள்கிறான், இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்கிறார். "இல்லை, அந்தத் தாள்கள் சிறை மேசைமேல் கிடப்பதோடு படம் முடிகிறது" என்கிறேன் நான். நீ தூங்கிவிட்டாய் என்று அவரும், நீங்கள் கற்பனை செய்துகொண்டீர்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் இந்தப் படத்தின் பெயரை எடுத்தாலே என் மனைவி காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறாள்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. லூயியின் தாய் டாஸ்காய்ன் என்ற பிரபு குடும்பத்துப் பெண். சால்ஃபான்ட் கோமகன் பட்டம் அந்தக் குடும்பத்துடையது. அவள் ஓர் இத்தாலியப் பாடகனோடு ஓடிப்போனதால் குடும்பம் தலைமுழுகிவிட்டது. அந்தப் பாடகனோ பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் செத்து விழுகிறான். அம்மா வறுமையில் மகனை வளர்க்கிறாள். சோற்றோடு வம்சப் பெருமையையும் பிசைந்து ஊட்டுகிறாள். சாகும்போது அவளுக்கு ஒரே ஓர் ஆசை: குடும்பக் கல்லறையில் இடம். முடியாது என்கிறார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் லூயி அன்று முடிவெடுக்கிறான். தனக்கும் பட்டத்துக்கும் நடுவில் நிற்கிற டாஸ்காய்ன்களை ஒருவர் பின் ஒருவராக அப்புறப்படுத்துகிறான். மரியாதையாக, நல்ல உடை உடுத்தி, நன்றி சொல்லி, இரங்கல் தெரிவித்து.

கடைசியில் கோமகன் ஆகிறான், தூக்குமேடை வரை போகிறான், விடுதலையும் ஆகிறான். சிறை வாசலில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, தங்கள் நினைவுக் குறிப்புகளை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்கும்போதுதான், முந்தின இரவு உட்கார்ந்து எழுதிய அத்தனை வாக்குமூலத்தையும் அறையிலேயே விட்டுவிட்டு வந்தது அவனுக்கு உறைக்கிறது.

அதற்குப் பிறகு என்ன? தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மரகதவல்லி:

இரண்டு பேருமே தூங்கவில்லை. உங்கள் மைத்துனர் பார்த்தது அமெரிக்கப் பிரதி.

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் ஒரு தயாரிப்பு நெறிமுறை நடப்பில் இருந்தது. குற்றம் செய்தவன் தண்டனை இல்லாமல் திரையை விட்டுப் போகக் கூடாது. வெளிநாட்டுப் படமாக இருந்தாலும் அங்கே பரவலாகத் திரையிட வேண்டுமென்றால் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அதனால் அமெரிக்காவுக்குப் போன பிரதியில் சுமார் பத்து நொடி சேர்த்தார்கள். அந்தத் தாள்கள் அகப்பட்டுவிடுகின்றன, லூயியின் கதை முடிந்தது என்று அடித்துச் சொல்லும் பத்து நொடி. வேறு இடங்களில் சில நிமிடங்களை வெட்டினார்கள். லூயிக்கும், வேறொருவன் மனைவியான சிபெல்லாவுக்கும் உள்ள கள்ள உறவை மழுப்பினார்கள்; பாதிரியாரைக் கிண்டல் செய்யும் வரிகளையும் தொட்டார்கள்.

ராபர்ட் ஹேமர் எடுத்த படம் மேசைமேல் கிடக்கும் தாள்களோடு முடிகிறது. வழக்கில் வெற்றி உங்களுக்குத்தான். ஆனால் முப்பது வருடம் மைத்துனரைத் தூங்குமூஞ்சி என்று சொன்னதற்கு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது.

கடைசிவரிசை:

அம்மா, வெற்றியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றுப்பார்த்தேன்:

இந்த இழையைப் பார்த்த பிறகு இரவே உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எட்டுக் கொலை செய்தவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அந்த டாஸ்காய்ன் குடும்பத்தாராக அலெக் கின்னஸ் ஒருவரே எட்டு வேடம் போட்டார் என்பதுதான் பெருமை என்றால், ஒரே நடிகர் ஒன்பது வேடம், பத்து வேடம் என்று நாம் பார்க்காததா?

இருட்டறை:

தம்பி, வேடத்தின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தேவாலயக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஹென்றி டாஸ்காய்னின் இறுதிச் சடங்கு. ஒரே சட்டகத்தில் ஆறு கின்னஸ்கள்: பாதிரியார், தளபதி, கடற்படைத் தலைவர், வங்கிக்காரர், கோமகன், அகதா சீமாட்டி. நாற்பது வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு ஷாட்டுக்காக ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

கணினி கிடையாது. கேமராவை ஆணி அடித்ததுபோல நிறுத்தி, லென்சுக்கு முன்னால் மறைப்பு வைத்து, ஒரு கின்னஸ் உட்காரும் இடத்தை மட்டும் திறந்து படம்பிடிக்க வேண்டும். பிறகு அந்த இடத்தை மூடி, ஃபிலிமை அதே இடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, அடுத்த இடத்தைத் திறக்க வேண்டும். இதற்கிடையில் கின்னஸ் போய் ஒப்பனை மாற்றிக்கொண்டு வருவார், மணிக்கணக்காகும். ஒரு முறை பிசகினால் அதுவரை எடுத்தது அத்தனையும் குப்பை. ஆறு முறை ஒரே ஃபிலிம் துண்டின் மேல்! கேமராவை யாராவது தெரியாமல் தட்டிவிடப் போகிறார்கள் என்று ஸ்லோகோம் இரவில் ஸ்டுடியோவிலேயே படுத்துக் காவல் காத்தார்.

என் ஸ்டுடியோவில் இதே முறையில் ஒரு கல்யாண மாப்பிள்ளையை இரண்டு பேராக எடுக்க முயன்று, அவருக்கு மூன்று கை வந்துவிட்டது. அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கறுப்புக்கோட்டு:

எண்ணிக்கை என்று வந்ததால் ஒரு திருத்தம். எட்டுக் கொலை இல்லை.

கின்னஸ் நடித்த எட்டுப் பேரில் லூயியின் கையால் சாகிறவர்கள் ஆறு பேர். வாரக் கடைசிக்கு மெய்டன்ஹெட்டுக்கு வந்த அஸ்காய்ன் டாஸ்காய்ன் படகோடு அணையில் அடித்துச் செல்லப்படுகிறான். ஹென்றி இருட்டறையில் வெடித்துப் போகிறான் (இருட்டறை ஐயா மன்னிக்கவும்). பாதிரியாருக்கு ஒயினில் விஷம், அகதா சீமாட்டியின் பலூனுக்கு அம்பு, தளபதிக்கு மீன்முட்டை டப்பாவில் குண்டு, கோமகனுக்கு மனிதப்பொறியும் துப்பாக்கியும். கடற்படைத் தலைவர் தன் பிடிவாதத்தாலேயே கப்பலை இன்னொரு கப்பல்மேல் மோதவிட்டு, சல்யூட் அடித்தபடி மூழ்குகிறார். வங்கிக்காரர், நீங்கள்தான் இப்போது கோமகன் என்ற செய்தியைக் கேட்ட அதிர்ச்சியில் போய்விடுகிறார். இவை இரண்டும் லூயிக்குக் கிடைத்த இலவசம்.

அந்தக் கப்பல் மோதல் அப்படியே கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 1893-இல் லெபனான் கடலோரத்தில் பயிற்சியின்போது விக்டோரியா, கேம்பர்டவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மோதின. தளபதி டிரையன் கொடுத்த உத்தரவு தவறு என்று சுற்றி நின்றவர்களுக்குச் சந்தேகம் இருந்தும் யாரும் மறுக்கவில்லை. அவரும் கப்பலோடு போனார், முந்நூற்றுச் சொச்சம் மாலுமிகளும் போனார்கள். படத்தில் அது முப்பது நொடி நகைச்சுவை.

மரகதவல்லி:

ஆறு என்பதும் சரியில்லை, வக்கீல் சார். ஏழு.

அஸ்காய்னோடு படகில் ஒரு பெண் இருந்தாளே! அவளையும் சேர்த்துத்தான் லூயி அணைக்கு அனுப்புகிறான். அவளுக்கு ஒரு பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. அவளைப் பற்றி லூயி சொல்வது ஒரே வாக்கியம். அந்தப் பெண்ணுக்காக வருந்தினேன். ஆனால் அந்த வாரக் கடைசியில் மரணத்தைவிடக் கொடிய கதிக்கு ஏற்கெனவே ஆளாகியிருப்பாள் என்று எண்ணி ஆறுதல் அடைந்தேன். கற்பிழப்பைச் 'சாவினும் கொடியது' என்று பூசி மெழுகும் அந்தக் காலத்து நாகரிகச் சொல்லை எடுத்து, அதையே அவளுக்குச் சவப்பெட்டி மூடியாக்கிவிடுகிறான்.

நானும் முதல் மூன்று முறை அந்த வரிக்குச் சிரித்தேன். நான்காவது முறைதான், நான் எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்தது. நேற்றுப்பார்த்தேன் தம்பிக்கு வந்த சங்கடம் நியாயமானது. அந்தச் சங்கடம் முதல் முறையே வந்தது என்றால் என்னைவிடக் கூர்மையான பார்வையாளர் நீங்கள்.

படம் முழுக்க ஒரே குரல் பேசுகிறது, லூயியின் குரல். லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸ் அந்தக் குரலை ஒரு முறைகூட உயர்த்துவதில்லை. நட்பில்லாத ஆட்களைச் சுத்தமாகக் கொல்வது எவ்வளவு சிரமம் என்று, தையல்காரர் துணியைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்கிறான். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இவ்வளவு ஒழுங்கான துணை வாக்கியங்கள் கொண்ட கொலைகாரனை வேறெங்கும் பார்த்ததில்லை. பிரபுக்கள் வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் இந்தப் படத்தில் உளறுகிறார்கள். தளபதி தன் பழைய போர்க்கதையை மேசைச் சாமான்களை வைத்து ஆயிரமாவது முறை சொல்கிறார். பாதிரியார் தன் தேவாலய ஜன்னலைப் பற்றித் தூக்கம் வரும்வரை பேசுகிறார். பிரபுக்களின் மொழியைப் பிரபுவைவிட நன்றாகப் பேசுகிறவன் துணிக்கடைப் பையன் ஒருவன்தான். அவன் மேலே ஏறியது விஷத்தாலும் அம்பாலும் இல்லை, இலக்கணத்தால் என்பது என் கட்சி.

நேற்றுப்பார்த்தேன்:

அம்மா, நன்றி. அந்தப் பெண்ணை நானும் எண்ணவில்லை என்பதுதான் உண்மை.

ஸ்டோக்வாசி:

மன்னிக்கவும், கொஞ்சம் கலகம் செய்யப் போகிறேன். அந்தஸ்து ஏணியில் சிரித்த முகத்தோடு ஏறுகிறவனைப் பற்றிய சிறந்த பிரிட்டிஷ் நகைச்சுவை இது இல்லை. மூன்று வருடம் கழித்து, 1952-இல் வந்த 'தி கார்ட்'தான்.

நான் பதினோரு வருடமாக ஸ்டோக் ஆன் டிரென்ட் பக்கம் மருத்துவமனை வேலையில் இருப்பவன். ஆகவே எனக்கு ஊர்ப்பாசம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். இது பானை, கோப்பை, பீங்கான் செய்த ஊர். ஆறு ஊர்கள் 1910-இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இந்த மண்ணில் பிறந்த நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னட் தன் கதைகளில் 'ஐந்து ஊர்கள்' என்றே எழுதினார், ஃபென்டனை விட்டுவிட்டார். ஃபென்டன்காரர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை, நானே கேட்டிருக்கிறேன். பர்ஸ்லெம் அவர் கதையில் பர்ஸ்லி. அங்கே பழைய நகர மண்டபத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய தேவதை ஒன்று நிற்கிறது. நாவலிலும் அது உண்டு. படத்தின் சில காட்சிகளை பர்ஸ்லெமிலேயே எடுத்தார்கள்.

கதாநாயகன் டென்ரி மேச்சின், துணி வெளுக்கும் தாயின் மகன். பள்ளியில் தன் மதிப்பெண்ணைத் தானே திருத்தி உதவித்தொகை வாங்குகிறான். வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும்போது, சீமாட்டி கொடுக்கும் நடன விருந்தின் அழைப்புப் பட்டியலில் தன் பெயரையும் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிறான். வாடகைத் துணியில் அங்கே போய், ஐந்து பவுண்டு பந்தயத்துக்காகச் சீமாட்டியிடமே நேராகப் போய் ஆட அழைக்கிறான். மறுநாள் வேலை போகிறது. அதனாலென்ன? வாடகை வசூலிக்கிறான், லாண்டட்னோ கடற்கரையில் உயிர்காப்புப் படகைக் காட்டிக் காசு பார்க்கிறான், தவணைச் சேமிப்புக் கழகம் நடத்துகிறான், கடைசியில் ஊரின் மிக இளைய மேயர். ஒருவரைக்கூடக் கொல்லவில்லை!

'கார்ட்' என்றால் சீட்டு இல்லை. 'ஆசாமி சரியான கில்லாடி' என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவோமே, அந்த ஆள். கடைசியில் ஒருவர் கேட்கிறார்: இவன் ஒரு நாளாவது வேலை செய்திருக்கிறானா, எந்தப் பெரிய லட்சியத்தோடு இவனுக்குத் தொடர்பு? நம்மையெல்லாம் சிரிக்க வைக்கிற பெரிய லட்சியத்தோடு, என்று பதில் வருகிறது.

கறுப்புக்கோட்டு:

மதிப்பெண் திருத்தல், ஆவணத்தில் பெயர் சேர்த்தல். கொலை இல்லைதான். ஆனால் உங்கள் டென்ரியையும் என் கட்சிக்காரனாக ஏற்க நான் முன்பணம் கேட்பேன்.

கடைசிவரிசை:

ஸ்டோக்வாசி, நல்ல படத்தைத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், எத்தனை பேர் கவனித்தீர்களோ.

1949 படத்தில் கின்னஸ், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பிரபுக் குடும்பம் முழுவதுமாக நடித்தார். 1952-இல் அதே கின்னஸ் கதவைத் தட்டுகிற சலவைக்காரி மகன். இரண்டு படத்திலும் உயர்குலச் சீமாட்டி யார்? இரண்டிலும் வேலரி ஹாப்சன்! அங்கே ஹென்றியின் விதவை எடித். இங்கே டென்ரியோடு ஆடுகிற சீமாட்டி. நாற்காலி அப்படியே இருக்கிறது, எதிரே உட்காருகிற ஆள்தான் மாறியிருக்கிறார். லூயி அவரைக் கைப்பிடிக்க ஒரு புருஷனைக் கொளுத்த வேண்டியிருந்தது. டென்ரிக்கு, போய்க் கேட்கிற துணிச்சல் போதுமாக இருந்தது.

ஸ்டோக்வாசி:

பார்த்தீர்களா, நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

இன்னொன்று. டென்ரிக்கு மூலம் நானே என்று சொல்லிக்கொண்ட ஒரு நிஜ மனிதர் இருந்தார், ஹெரால்ட் கீட்ஸ் ஹேல்ஸ். கப்பல் வணிகர்; 1931 முதல் 1935 வரை ஹேன்லி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அட்லாண்டிக் கடலை வேகமாகக் கடக்கும் பயணிகள் கப்பலுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை ஏற்படுத்தினார், ஹேல்ஸ் கோப்பை என்று பெயர். தன் புத்தகத்துக்கு 'கார்டின் சுயசரிதை' என்றே தலைப்பிட்டுக்கொண்டார். நாவல் நாயகன் தானே என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டு ஊரெல்லாம் விற்கிறவன்தான் உண்மையான கார்ட். பென்னட் எழுதாமல் விட்ட அத்தியாயம் அது.

மரகதவல்லி:

ஹேல்ஸ் கதை அருமை. ஆனால் கட்சி மாற மாட்டேன்.

'தி கார்ட்' எனக்கும் பிடிக்கும். ரொனால்ட் நீம் இயக்கம், உளவுக் கதை எழுதுகிற எரிக் ஆம்ப்ளரின் திரைக்கதை, குறும்பும் பேராசையுமாகக் கிளினிஸ் ஜான்ஸ், சின்னப் பெண்ணாகப் பெட்டுலா கிளார்க். பார்த்து முடித்ததும் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். ஆனால் அதில் கதவு திறப்பது கொஞ்சம் சுலபம். தைரியசாலிக்கு உலகம் வழிவிடும் என்று அந்தப் படம் நம்புகிறது. ஹேமர் படம் நம்புவதில்லை. லூயி எவ்வளவு நாகரிகமாக நடந்தாலும், கடிதம் எழுதினாலும், கையைக் கட்டி நின்றாலும் அவனுக்குக் கதவு திறந்திருக்காது. இறந்துபோன தாய்க்குக் குடும்பக் கல்லறையில் இடம்கூடத் தராதவர்கள் உயிரோடு இருப்பவனுக்கு என்ன தருவார்கள்?

தலைப்பைப் பாருங்கள். டென்னிசன் கவிதை வரி அது. மகுடங்களைவிடக் கனிந்த நெஞ்சங்கள் பெரியவை, நார்மன் ரத்தத்தைவிட எளிய நம்பிக்கை பெரிது என்று போகும். படத்தில் மகுடம் இருக்கிறது, நார்மன் ரத்தமும் போதுமான அளவு சிந்துகிறது. கனிந்த நெஞ்சத்தைத்தான் கடைசிவரை தேடினேன். ஹென்றிக்குக் கொஞ்சம் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் இருட்டறையில் பாட்டிலை ஒளித்து வைத்துக் குடிக்கிற சாது. அவனையும் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோலை ஊற்றி அனுப்பியாயிற்று.

இருட்டறை:

அந்தக் காட்சியைச் சொன்னீர்களே, அதுதான் படத்தின் உச்சம்! தோட்டத்தில் எடித்தும் லூயியும் தேநீர் குடிக்கிறார்கள். அவர் எதையோ கண்ணியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். தூரத்தில் மெல்ல ஒரு சத்தம். சுவருக்குப் பின்னால் புகை எழும்புகிறது. லூயி பார்த்துவிடுகிறான்; நாமும் பார்த்துவிடுகிறோம். பேச்சு நிற்பதில்லை, கேமரா ஓடிப்போய்ப் புகையைக் காட்டுவதும் இல்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் வெடிப்பை மூன்று கோணத்தில் காட்டியிருப்பார்கள்.

கித்துல்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கின்னஸ் என்றால் கித்துல்கலையில் குவாய் நதிப் பாலம் கட்டிய கர்னல்தான். 1957-இல் வந்த அந்தப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள். பாலம் நின்ற இடம் என்று இன்றும் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அதே ஆள் பாவாடை கட்டிப் பலூனில் பறந்து லண்டன் தெருவில் பெண் உரிமைத் துண்டறிக்கை வீசினார் என்று இந்த இழை சொல்லித்தான் தெரியும். பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு கேள்வி மட்டும்: எட்டு வேடமும் அவராகக் கேட்டு வாங்கியவையா, கொடுத்தார்களா?

கடைசிவரிசை:

முதலில் நான்கு வேடம்தான் தந்தார்கள் என்று கின்னஸே சொல்லியிருக்கிறார். பிரான்சில் ஒரு கடற்கரையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். முதல் பக்கத்திலேயே சிரிப்புத் தாங்கவில்லையாம். நான்கு ஏன், எட்டு ஏன் இல்லை என்று தந்தி அடித்தாராம். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை.

எட்டும் அவருக்குப் போனதில் ஒரு துரதிருஷ்டமும் உண்டு. படத்தைத் தோளில் சுமந்தவர் டென்னிஸ் பிரைஸ். லூயியின் அப்பாவாக வருவதும் அவரே. இருந்தும் பேச்செல்லாம் கின்னஸ் பெயர்தான். கின்னஸ் பிறகு சர் பட்டம் பெற்றார். பிரைஸ் குடியில் சரிந்து, 1967-இல் திவாலாகி, 1973-இல் ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார். இயக்குநர் ஹேமரும் அதே குடியில் சரிந்து 1963-இலேயே, ஐம்பத்திரண்டு வயதில். அவ்வளவு அளந்து பேசுகிற படத்தை எடுத்தவர்களா இவர்கள் என்று இருக்கும்.

கறுப்புக்கோட்டு:

என் துறை ஆசாமிகளுக்கு இந்தப் படத்தில் தனி விருந்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

லூயி செய்த கொலைகளில் ஒன்றுக்குக்கூட வழக்கு இல்லை. செய்யாத ஒன்றுக்குத்தான் தூக்குத் தண்டனை. சிபெல்லாவின் கணவன் லயனல், கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொள்கிறான். அவன் எழுதி வைத்த கடிதத்தைச் சிபெல்லா மறைத்துவிடுகிறாள். கொலைப் பழி லூயிமேல்.

விசாரணை எங்கே நடக்கிறது, கவனித்தீர்களா? பிரபுக்கள் சபையில்! கடுங்குற்றம் சாட்டப்பட்ட பிரபுவை மற்ற பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய உரிமை. சாதாரண லூயி மசினியாக இருந்திருந்தால் பன்னிரண்டு கடைக்காரர்கள் அடங்கிய ஜூரி முன்னால் நின்றிருப்பான். இத்தனை பேரைக் கொன்று பட்டம் வாங்கியதால் அங்கிகள் சூழ, முழு மரியாதையோடு விசாரணை. கடைசியாக அப்படி ஒரு விசாரணை நடந்தது 1935-இல். கார் விபத்தில் ஒருவர் இறந்ததற்காக டி கிளிஃபர்ட் பிரபுவை நிறுத்தினார்கள், விடுதலையானார். அந்த உரிமையை 1948-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் ஒழித்தது. படம் வந்தது 1949. அடக்கம் செய்த மறுவருடமே அதைத் தோண்டியெடுத்து, அலங்காரம் செய்து ஊர்வலம் விட்டிருக்கிறார்கள்.

பிறகு அந்தத் தூக்கிலிடுகிறவர். ஒரு கோமகனைத் தூக்கிலிடும் பாக்கியம் தன் குருநாதர் பெரியவர் பெர்ரிக்குக்கூடக் கிடைக்கவில்லை என்று உருகுகிறார். ஜேம்ஸ் பெர்ரி என்று ஒருவர் விக்டோரியா காலத்தில் நிஜமாகவே அந்த வேலை பார்த்தவர். கோமகனுக்குப் பட்டுக்கயிறு, அதைத் தொட்ட கை இனிச் சணல் கயிற்றைத் தொடாது, இதோடு ஓய்வு என்கிறார். படத்தில் டாஸ்காய்ன்களை உண்மையாக மதிக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

நேற்றுப்பார்த்தேன்:

நான் இரண்டாவது முறையும் பார்த்தேன். இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. தன் கழுத்துக்கே கயிறாகும் ஒன்றை இவ்வளவு புத்திசாலி எப்படி மேசைமேல் மறந்துவிட்டு வருவான்? எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தவன். அது கதாசிரியரின் வசதிக்காகச் செய்ததுபோல எனக்குப் படுகிறது.

ஸ்டோக்வாசி:

வாசலில் எடித் ஒரு வண்டியில், சிபெல்லா ஒரு வண்டியில் காத்திருக்கிறார்கள். எடித் தீர்ந்தால்தான், அவனை விடுதலை செய்த அந்தக் கடிதத்துக்கு விலை கொடுத்ததாகும் என்று சிபெல்லா சாடையாகப் பேரம் பேசியிருக்கிறாள். எந்த வண்டியில் ஏறுவது என்ற குழப்பத்தில் இருக்கிறவனுக்குக் காகிதம் நினைவிருக்குமா, தம்பி?

மரகதவல்லி:

அது மட்டும் இல்லை. அவன் அதை ஏன் எழுதினான் என்று கேட்டுப் பாருங்கள். மனம் வருந்தி எழுதியதா? ஒரு வரியில்கூட வருத்தம் இல்லை. மறுநாள் காலை சாகப் போகிறவன், இரவு முழுக்க விளக்கடியில் உட்கார்ந்து அடித்துத் திருத்தாமல் எழுதுகிறான்.

நான் நினைப்பது இது. இத்தனை வருடம் அவன் செய்ததெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்தவை. அந்தப் புகையைப் பார்த்தும் தேநீரைக் கீழே வைக்காத நிதானம், அத்தனை இறுதிச் சடங்குகளில் காட்டிய கச்சிதமான முகம், பாதிரியாரிடம் ஆப்பிரிக்க பிஷப்பாக வேடமிட்டுப் போன சாமர்த்தியம். பாராட்ட ஒருவர் இல்லை. துணிக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றபோதும் அவனை யாரும் பார்க்கவில்லை. கோமகன் ஆன பிறகு பட்டத்தைத்தான் பார்த்தார்கள். உண்மையான லூயியைப் படிக்க ஒரு வாசகர் வேண்டியிருந்தது. தூக்கு உறுதி என்றான பிறகுதான் அதற்குத் தைரியம் வந்தது. உயிரோடு வெளியே வரப்போகிறோம் என்று எண்ணி எழுதியது இல்லை அது. விடுதலை என்று சொன்ன நிமிடத்தில் அவன் மறுபடி கோமகன். தாள்களை எழுதியவன் அறைக்குள்ளேயே நின்றுவிட்டான்.

நேற்றுப்பார்த்தேன்:

இப்போது மூன்றாவது முறை பார்க்க வேண்டும்.

கித்துல்:

பார்த்துவிட்டேன். அகதா சீமாட்டி விழுகிற இடத்தில் என் தகப்பனார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். அவருக்கு எண்பத்தொன்று. முடிவைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தச் சிறைக் காவலருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ என்னவோ!"

கறுப்புக்கோட்டு:

மேல்முறையீட்டுக்கு இதைவிட நல்ல வாதம் நான் கேட்டதில்லை.

கடைசிவரிசை:

இழையை இத்தனை தூரம் கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி. மைத்துனர் அடுத்த ஞாயிறு சாப்பிட வருகிறார். மரகதவல்லி அம்மா சொன்ன அமெரிக்கப் பிரதி விவரத்தைச் சொல்லிவிடுவதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். சொன்னால் அவர் முப்பது வருடம் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். நானும் சொல்லவில்லை என்றும் ஆகிவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பேசுவது என்று என் மனைவி கேட்கிறாள்.

படத்தை மட்டும் போடப் போகிறேன். பத்திரிகைக்காரர் கேள்வி கேட்டு, லூயியின் முகம் மாறி, மேசையும் தாள்களும் வந்ததும் அணைத்துவிடுவேன்.

மரகதவல்லி:

ரிமோட்டை இப்போதே எடுத்து ஒளித்து வையுங்கள். மைத்துனர்கள் அந்தப் பத்து நொடிக்காக எதையும் செய்வார்கள்.